இரண்டு 4-3

கிளென்மார்கனில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் போய் நின்றால், புல்வெளி உப்புத் தூவினமாதிரி வெளுத்துக் கிடக்கும். உறைபனி! தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். ஆனால், வெயில் ஏறினால் எல்லாம் தண்ணீர். நம்ம ஊர்ப் பசங்களுக்குப் பனியில் சறுக்கி ஆடும் கொடுப்பினை இல்லை. நமக்கு ஹாக்கி என்றால் புல் தரைதான்.

ஏரியே உறைந்து பாறையாகிற தேசங்களில் காலில் கத்தி பதித்த ஷூவோடு ஆடுவது ஐஸ் ஹாக்கி. இந்த இரண்டு ஹாக்கியும் ஒரே வருஷத்தில், ஒரே சண்டையில் மாட்டிக்கொண்டன தெரியுமோ? வருஷம் 1980.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. கொதித்துப்போன அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், 'ஒரு மாதத்துக்குள் வெளியேறாவிட்டால் மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு வரமாட்டோம்' என்று கெடு வைத்தார். கெடு முடிந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 22. அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரில் குளிர்கால ஒலிம்பிக்ஸ். ஐஸ் ஹாக்கியில் மோதுவது யார்? சாட்சாத் அதே இரண்டு நாடுகள்!

சோவியத் அணி, முந்தைய நான்கு ஒலிம்பிக்ஸிலும் தங்கம் வாங்கிய ஜாம்பவான். அமெரிக்க அணியோ பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். இரண்டு வாரம் முன்புதான் ஒரு பயிற்சி ஆட்டத்தில் 10-3 என்று உதை வாங்கியிருந்தார்கள். அன்றும் முதல் கோல் சோவியத்துடையதுதான். அடித்தவர் விளாடிமிர் க்ருட்டோவ், வயது 19. ஆனால், கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது கேப்டன் மைக் எருசியோனி அடித்த கோலில் அமெரிக்கா 4-3 என்று முந்தியது. அப்புறம் மலையே சரிந்து வருவதுபோலத் தாக்கினார்கள் சோவியத்காரர்கள். கோல்கீப்பர் ஜிம் கிரெய்க் அன்று மொத்தம் 36 அடிகளைத் தடுத்தார். அமெரிக்கா அதை இன்றும் 'பனி மேல் நடந்த அற்புதம்' என்று கொண்டாடுகிறது.

ஜூலையில் மாஸ்கோ. அமெரிக்கா சொன்னபடி வரவில்லை. ஏராளமான நாடுகள் பின்வாங்கின. ஹாக்கியில் 1976-ல் பதக்கம் வாங்கிய நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் மூன்றுமே ஆப்சென்ட்! ஆறு அணிகள்தான் மிச்சம். நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் போன இந்தியா, தான்சானியாவை 18-0 என்று துவைத்தது. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின். நான்காவது கோலைப் போட்டவர் முகமது ஷாஹித். க்ருட்டோவ் பிறந்த அதே 1960-ல் பிறந்தவர். ஸ்கோர்? அதே 4-3!

நமக்கு எட்டாவது தங்கம். அதற்குப் பிறகு 2024 பாரீஸ் வரை ஹாக்கியில் தங்கம் வரவே இல்லை. இருந்தும் இந்த 4-3-ஐப் பற்றிப் பேசும்போதெல்லாம், 'பெரிய டீமெல்லாம் வரலையே' என்று யாராவது ஒருவர் இழுப்பார். ஷாஹித் என்ன செய்வார், பாவம்! வந்தவர்களைத்தானே ஜெயிக்க முடியும்?

யோசித்துப் பாருங்கள். லேக் பிளாசிட் வெற்றி அற்புதம் ஆனது, எதிரி வந்து எதிரே நின்றதால்தான். சோவியத் அணி அன்று வராமல் இருந்திருந்தால், அந்தக் கல்லூரிப் பையன்களை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

45 வருஷம் கழித்து, 2025-ல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பிரிவு. ஆனால், பாகிஸ்தான் விலகிக்கொண்டது. பதிலுக்கு வந்தது ஓமன். இந்தியா 17-0 என்று ஜெயித்தது. கைதட்டலாம். ஆனால், நம் பையன்கள் பதினேழு கோல் போட்டு என்ன கற்றிருப்பார்கள்? பதினேழு வாங்கிய ஓமன் பையன்கள் என்ன பாவம் செய்தார்கள்? வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட பாகிஸ்தான் பையன்களின் கணக்கை யார் பார்ப்பது?

அது 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி. அரசாங்கங்கள் இன்று முறைத்துக்கொண்டு, பத்து வருஷம் கழித்துக் கை குலுக்கலாம். அதுவரைக்கும் இருபது வயசு காத்திருக்குமா, என்ன?