பழனி சுப்பிரமணிய பிள்ளையின் முழவு மரபு

சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன் முதலாயினாரோடு ஒப்பத் தண்ணுமை ஆசிரியனுக்கும் இலக்கணம் வகுக்கின்றது. அதற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் தோற்கருவி பலவற்றை எண்ணி, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு முதலாகப் பகுத்தும் காட்டுவர். இத்துணைச் சிறப்பிற்குரிய முழவுக் கலைஞரை, அண்மைக்கால இசை வரலாறுகள் ‘பக்கவாத்தியம்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிப் பாடகர் வரலாற்றின் ஓரத்தே நிறுத்திவிடுகின்றன. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் (1908–1962) கலை வாழ்வை இவ்வாறு ஓரத்தே நிறுத்தல் பொருந்தாது. ஒரு கருவியின் இயல்பை மற்றொரு கருவியில் ஏற்றிக் காணும் முயற்சி அவர்பால் எவ்வாறு நடந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பழனி 1985 வரை மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்து, பின்னர்த் திண்டுக்கல் மாவட்டத்தின் பாற்பட்டது. அவ்வூரினராகிய முத்தையா பிள்ளை தவிலும் மிருதங்கமும் வல்லவர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். அவர் மைந்தரே சுப்பிரமணிய பிள்ளை. மான்பூண்டியா பிள்ளையோ கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக்கியவர். எனவே, ‘புதுக்கோட்டை மிருதங்க மரபு’ என இன்று வழங்கப்படுவதன் ஊற்றுக்கண் ஒரு கஞ்சிராக் கலைஞரிடத்தே உள்ளது. இவ்வுண்மையைப் பலரும் கூறுவர். இதன் பயனை ஆராய்ந்தார் சிலரே.

மிருதங்கத்தின் வலந்தலை ஆதார சுருதிக்குச் சேர்க்கப்படுவது. தொப்பியோ, ரவைப் பசை அப்பப்பெற்று ஆழ்ந்த ஒலி தருவது. இவ்விரு தலைகளின் உறவிலேயே அதன் நாதம் பிறக்கும். கஞ்சிராவிற்கு அவ்வளம் இல்லை. அது பலா மர வளையத்தில் உடும்புத் தோல் போர்த்த ஒருமுகக் கருவி, சுருதிக்குச் சேர்க்கப்படுவதன்று, ஒரு கையால் பிடித்து மறு கையால் முழக்கப்படுவது. ஒலி வேறுபாடு குறைந்த கருவியை உடையவன், கேட்போரை ஈர்த்தற்குக் காலத்தைப் பகுக்கும் நுட்பத்தையே பெரிதும் நாட வேண்டியவனாகின்றான். புதுக்கோட்டை மரபின் புகழ்பெற்ற கணக்கு வழக்கு இத்தேவையினின்று வளம் பெற்றது எனக் கொள்ளுதல் தகும். தவிலின் நிலைமை வேறு. ஒருபுறம் கோலும் மறுபுறம் கூடிட்ட விரல்களும் கொண்டு, கோயில் வீதியில் திறந்த வெளியில் முழங்க வேண்டியது அது. ஆகவே அதன் சொற்கட்டுகள் உரத்தும் தெளிந்தும் அமையும். இவ்விரு பயிற்சியும் ஒரு குடும்பத்திலும் குரு மரபிலும் கலந்திருந்தமையே சுப்பிரமணிய பிள்ளை பெற்ற முதல்.

இனி, அவர் இடக்கையர் என்பது வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. மேடையில் மிருதங்கக் கலைஞர் பாடகரின் வலப்புறத்தே, அவரை நோக்கி அமர்வது வழக்கம். அங்ஙனம் அமருங்கால் வலந்தலை அவையை நோக்கி நிற்கும். இடக்கையர் அவ்விடத்து அமரின் வலந்தலை பின்புறம் திரும்பிவிடும். நாதம் அவைக்குக் குன்றிப் போகும். அவரை இடப்புறத்தே அமர்த்தின், வயலின் கலைஞர் இடம் மாற நேரும். இம்மாற்றத்திற்கு எல்லாரும் இசைந்திலர். தொடக்கத்தில் அவருக்கு வாய்ப்புகள் தடைப்பட்டமைக்கு இஃதொரு காரணம். செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) அத்தடையைப் பொருட்படுத்தாது அவரைத் தம் கச்சேரிகளில் அமர்த்திக்கொண்டார். ஒரு கலைஞரின் வரலாறு இருக்கை ஒழுங்கினாலும் அறுதியிடப்படும் என்பதை நம் இசை நூலார் போதிய அளவு எண்ணிப் பார்த்திலர்.

அவர் வாசிப்பின் தனித்தன்மை யாது? புதுக்கோட்டைக் கணக்கை அவர் விட்டிலர்; ஆயினும் கணக்கு நாதத்தை விழுங்கவும் விட்டிலர். தொப்பியில் எழுப்பும் கும்கியைக் குழைத்து நீட்டி, சர்வலகுவின் ஓட்டத்தினூடே கோர்வையை அமைத்து, முடிவு எய்திய பின்னரே அதன் கணக்கு புலப்படுமாறு செய்தார். எண்ணிக் கேட்பார்க்கு நுட்பமும், எண்ணாது கேட்பார்க்கு இனிமையும் ஒருங்கே கிட்டின. அவரோடு ஒருகாலத்து வாழ்ந்து, தஞ்சை மரபில் பயின்ற பாலக்காடு மணி ஐயரையும் இவரையும் எதிரெதிர் நிறுத்தி உயர்வு தாழ்வு பேசுதல் ரசிகரிடையே பழகிப்போன ஒன்று. அவ்வழக்காடலால் ஆராய்ச்சிக்கு ஆகும் பயன் இல்லை.

வழக்காடுவோர் மறக்கும் செய்தி ஒன்றுண்டு. மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, சுப்பிரமணிய பிள்ளை அதே மேடையில் கஞ்சிரா வாசித்த கச்சேரிகள் பல. மிருதங்கத்தில் தலைமை எய்திய ஒருவர் சிறு கருவியைக் கையிலெடுத்தமையைப் பணிவு என்று மட்டும் புகழ்தல் போதாது. இருதலைக் கருவியில் தாம் வளர்த்த குழைவினை, ஒருமுகக் கருவியில் விரலழுத்தத்தால் மட்டுமே பெறவேண்டிய நிலையைத் தாமே விரும்பி ஏற்றார். கஞ்சிராவிலிருந்து மிருதங்கத்திற்குச் சென்ற கணக்கு, மிருதங்கத்தின் நாத உணர்வோடு மீண்டும் கஞ்சிராவிற்கே வந்தது எனலாம். 1936இல் மறைந்த புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் இவ்விரு கருவிகளில் வல்லவராதலின், இவ்வொழுக்கம் அம்மரபிற்குப் புதிதன்று.

அவர் மாணவருள் தஞ்சாவூர் பாலசரசுவதியின் இளவலாகிய டி. இரங்கநாதன் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முழவு கற்பித்தார். 1942இல் பிறந்த திருச்சி சங்கரன், 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கி, மேலை இசைக் குழுக்களுக்கும் தாளப் படைப்புகள் இயற்றினார். ஆசிரியரைப் போலவே அவரும் மிருதங்கம், கஞ்சிரா இரண்டையும் மேடையில் வாசித்துவந்தவர்.