ஏறியவரும் ஏற்றப்பட்டவரும்

1838 செப்டம்பர் 4 அன்று ஆன்ரியெத் தான்ஜ்வில் மோன் பிளாங்க் சிகரத்தின் உச்சியில் நின்றார். அப்போது அவருக்கு வயது 44. கடுங்குளிரும் காற்றும் உள்ள அந்த ஆல்ப்ஸ் சிகரம் பெண்ணுக்கு ஆகாது என்றவர்களுக்கு அவர் தந்த பதில், முன்னேற்பாடு.

ஆறு வழிகாட்டிகளையும் ஆறு சுமைதூக்கிகளையும் அமர்த்தினார். நீண்ட அங்கிக்குள் அணியக் கம்பளிக் கால்சட்டை தைத்துக்கொண்டார். உயிலும் எழுதிவைத்தார். உச்சியை நெருங்கியபோது நெஞ்சு படபடத்தது, தூக்கம் கண்ணை அழுத்தியது. சில அடி நடப்பதும் சற்றே ஓய்வதுமாக ஏறினார். இறந்தால் உடலையாவது மேலே கொண்டுபோகச் சொன்னாரே தவிர, உயிரோடிருக்கையில் தன்னைத் தூக்கிச் செல்ல விடவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன், 1808இல், அந்த உச்சியை எட்டிய முதல் பெண் மரி பரடி, சாமோனி ஊரின் பணிப்பெண். வழிகாட்டிகள் அவரை இழுத்தும் தூக்கியும் கொண்டுசேர்த்தார்கள். அதைச் சொல்லியே அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் பன்னிரண்டு பேரை அமர்த்தப் பணிப்பெண்ணிடம் பணம் ஏது? உடை தைத்து, நாள் பார்த்துப் புறப்பட நேரம் ஏது? மலையில் பாதுகாப்பு துணிச்சலால் மட்டும் வருவதல்ல. அதற்கு வசதியும் வேண்டும்.

பிரபுக் குலத்து ஆன்ரியெத் இறங்கிவந்து கொண்டாடிய விருந்துக்கு மரியையும் அழைத்தார். வரலாறு எழுதும் நாமும் இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைப்போம்.