முகம் மறைத்து ஓடிய மோட்டார் வண்டிகள்

ஹற்றனிலிருந்து நுவரெலியா நோக்கி, தேயிலைச் சரிவுகளினூடே வளைந்து வளைந்து ஏறிய மொறிஸ் மைனர் வண்டியை அறியாதார் ஒரு காலத்தில் மலைநாட்டில் இலர். அவ்வண்டியின் முன்மூடியை உற்றுநோக்கின், நடுவே நெடுக ஓடும் மேடான பட்டையொன்று தென்படும். அழகு கருதி இட்டதுபோலத் தோன்றும் அப்பட்டை உண்மையில் ஒரு தழும்பாகும். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டிலேயே, 'நுளம்பு' எனப் பொருள்படும் மொஸ்கீற்றோ என்ற மறைபெயரில் அவ்வண்டியின் முதல் மாதிரி உருவாகிவிட்டது. ஆயினும், விற்பனைக்கு வருமுன் அதன் உடல் ஒடுங்கியிருப்பதாக அதனை ஆக்கிய அலெக் இசிகோனிசுக்குப் பட்டது. மாதிரி வண்டியொன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கண்ணுக்கு இசையும் வரை பாதிகளை விலக்கிப் பார்க்கச் செய்தார். நான்கு அங்குலம் கூடியது. முன்னரே செய்து வைத்திருந்த மோதுதாங்கிகளையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. 1948 ஒக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் அரங்கேறிப் பின்னர் இலங்கைக்குக் கப்பலேறிய அவ்வண்டி, தான் பிறந்த கதையின் ஒரு துண்டைத் தன் நெற்றியிலேயே சுமந்து வந்தது.

பிற வண்டிகள் இத்தகைய சுவடுகளை விட்டுச்செல்வது அரிது. வரைபடத்தில் தோன்றும் ஒரு வண்டி விற்பனைக் கூடத்தை அடையப் பல ஆண்டுகள் செல்லும். அதற்கிடையில் மாதிரி வண்டிகளைப் பல்லாயிரம் மைல் ஓட்டிப் பரீட்சித்தல் வேண்டும். இதன் பொருட்டு மதிலிட்ட பரீட்சை நிலங்கள் எழுந்தன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1924இல் மில்ஃபோர்ட் என்னுமிடத்தில் இத்தகைய நிலமொன்றை அமைத்தது. ஆனால் மதிலுக்குள் மலையைக் கொண்டுவருதல் இயலுமோ? நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேறிப் பிடியிழப்பதையும், ஏற்றத்தில் றேடியேற்றர் நீர் கொதிப்பதையும் மலைப்பாதையே காட்டும். இறம்பொடைக் கணவாயில் வண்டி செலுத்தியோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஐரோப்பியர் இதன்பொருட்டு அல்ப்ஸ் மலையை நாடினர். ஒஸ்திரியாவில் 1935இல் திறக்கப்பட்ட குறொஸ்குளொக்னர் பாதை அத்தகைய பரீட்சைக் களங்களுள் ஒன்றாயிற்று.

பொதுப் பாதைக்கு வந்த வண்டிக்கு வேடம் தேவைப்பட்டது. பெயர்த்தகட்டைக் கழற்றினர், தகரத்தாலும் கித்தான் துணியாலும் உருவத்தை மாற்றினர், வேறொரு வண்டியின் முகத்தைக் கடன் வாங்கினர். 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடி தந்த பெற்றோல் தட்டுப்பாட்டினால், சிறு கார் ஒன்றை விரைந்து ஆக்குமாறு இசிகோனிசுக்குப் பணிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஓடத் தொடங்கிய மாதிரிகளின் முகப்பில் ஒஸ்டின் ஏ35 வண்டியின் கம்பித்தட்டி பொருத்தப்பட்டிருந்தது. நிறத்தினால் அவை 'ஆரஞ்சுப் பெட்டிகள்' எனப் பெயர்பெற்றன. இவையே 1959இல் மினி என வெளிவந்தன. தேயிலைத் தோட்டங்களுக்கு லான்ட் றோவர் வண்டியை அளித்த றோவர் நிறுவனமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1970இல் வெளிவந்த றேஞ் றோவரின் முன்னோடிகளுக்கு 'வேலார்' என்று இல்லாத ஒரு பெயரையே சூட்டி ஓடவிட்டது. வேலாரே என்னும் இத்தாலியச் சொல்லுக்குத் திரையிடுதல் என்பது பொருள். களவைச் செய்து அதன் பெயரையும் நெற்றியில் எழுதிய குறும்பு இது.

மறைத்தலைத் தொடர்ந்து தேடுதலும் பிறந்தது. ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிலிருந்து வெளிவந்த மோட்டார்ச் சஞ்சிகையொன்று, அதே நகரின் மெர்சிடிஸ் நிறுவனம் இரகசியமாக ஓட்டிய புதிய வண்டியின் படத்தை 1952இல் வெளியிட்டது. கேத்தே 1782இல் பாடிய 'எர்ல்கோனிக்' என்னும் கவிதையைத் தழுவி, கேலிச் செய்யுளொன்றையும் உடன் சேர்த்தனர் அதன் ஆசிரியர்கள். தந்தை மகனை அணைத்து இரவில் குதிரையில் விரைய, மகன் கண்ணுக்கு மட்டும் மாயவேந்தன் தோன்றும் கதை அது. அன்றுதொட்டு மாறுவேட வண்டிகளுக்கு ஜேர்மன் மொழியில் எர்ல்கோனிக் என்பதே பெயராயிற்று. அன்று படமாகிய வண்டி மறு ஆண்டு மெர்சிடிஸ் 180 என வெளிவந்தது.

இவ்வளவு பாடும் யாருக்கு அஞ்சி? போட்டி நிறுவனங்களுக்கு அஞ்சியே எனப் பொதுவாகக் கூறுவர். அது பாதி உண்மையே. புறத்தோற்றத்தைக் கண்ட மாத்திரத்தில் போட்டியாளர் அதனைப் பின்பற்ற இயலாது. தகடு அழுத்தும் அச்சுகளைச் செய்வதற்கே நீண்ட காலம் செல்லும். நிறுவனங்கள் பெரிதும் அஞ்சியது தம் வாடிக்கையாளருக்கே எனலாம். புதிய வடிவம் வருகிறதென அறிந்தவன் இன்றைய வண்டியை வாங்கான். கொழும்பு முகவரிடம் பணம் கட்டப் புறப்பட்ட தோட்டத்துரையும் கையை மடக்கிக்கொள்வார். களஞ்சியத்தில் உள்ளவை தேங்கிவிடும். ஆகவே, விற்பவன் அறிந்ததை வாங்குபவன் அறியாதிருக்கச் செய்வதே இவ்வேடத்தின் முதற் பயன். படம்பிடித்த சஞ்சிகையாளரை வேவுகாரர் எனப் பழித்தல் இதனால் பொருந்தாது. வாங்குவோர் பக்கம் நின்றவர்கள் அவர்கள்.

விதிவிலக்கும் உண்டு. பிரான்சின் சித்திரோயன் நிறுவனம், உழவரும் வாங்கத்தக்க எளிய வண்டியொன்றின் 250 முன்னோடிகளை 1939இல் செய்து முடித்த வேளையில் போர் மூண்டது. நாட்டைக் கைப்பற்றிய ஜேர்மனியர் கையில் சிக்காதிருக்க, பெரும்பாலானவை அழிக்கப்பட்டன, சில ஒளிக்கப்பட்டன. வண்டி 1948இல் வெளிவந்தது. ஒளிக்கப்பட்டவற்றுள் மூன்று, லா ஃபெர்த்தே-விடாம் பரீட்சை நிலத்துக் களஞ்சியக் கூரையடியிலிருந்து 1990களின் நடுப்பகுதியிலேதான் கண்டெடுக்கப்பட்டன.

மலைநாட்டிலோ வண்டிகளின் வலு பலர் காணவே அளக்கப்பட்டது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயத்தில், பெயரும் முகமும் தெரிய வண்டிகள் ஏறின. கொதிப்பதாயினும் கூட்டத்தின் முன்னிலையிலேயே கொதித்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபின், புதியது வருமெனப் பழையதை வாங்காதிருக்கும் நிலையே இங்கு இல்லாதொழிந்தது. இந்தியாவிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசிடர், 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை பெரிய உருமாற்றமின்றியே செய்யப்பட்டது. அதற்கு வேடம் எதற்கு? ஏற்றங்களில் இளைத்த மைனர்களை மலைநாட்டுக் கராஜ்காரர் திரும்பத் திரும்பச் செப்பனிட்டனர். பிறந்த நாட்டில் அதன் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. 1990களிலோ அவ்வண்டிக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்குக் கப்பலேறின.