பிலிகுண்டுலு நீர்வரத்துக் கணக்கு எவ்வளவு துல்லியமானது?

பெங்களூரு: ஜோகுபாளையம் உள்ளிட்ட பெங்களூரு நகரப் பகுதிகளின் குடிநீருக்கும், தமிழக டெல்டா மாவட்டங்களின் பாசனத்துக்கும் காவிரியே ஆதாரமாக உள்ளது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இயல்பான நீர் ஆண்டில் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி நீர் திறக்கப்பட வேண்டும். மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் இதனை அளவிடுகிறது.

அளவிடும் முறை: ஆற்றின் குறுக்குவெட்டுப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஆழமும் நீரோட்ட வேகமும் அளக்கப்படும். பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன அடி என்பது தெரியவரும். இத்தகைய பல அளவீடுகளைக் கொண்டு, எந்த நீர்மட்டத்தில் எவ்வளவு நீர் ஓடும் என்ற அட்டவணை தயாரிக்கப்படும். மற்ற நேரங்களில் நீர்மட்டத்தை வைத்தே நீர்வரத்து கணிக்கப்படும்.

வரம்புகள்: ஆற்றுப்படுகை அரிக்கப்பட்டாலோ, மணல் படிந்தாலோ பழைய அட்டவணை பொருந்தாது. பெருவெள்ளத்தில் வேகத்தை அளப்பது கடினம். நீரோட்டம் குறைந்திருக்கும்போது, நீர்மட்டத்தில் ஏற்படும் சிறு பிழையும் கணக்கைப் பெரிதும் மாற்றிவிடும்.

உதாரணமாக, 177.25 டிஎம்சியில் 5 சதவீதப் பிழை நேர்ந்தால் அது சுமார் 8.86 டிஎம்சி ஆகும். அதே தீர்ப்பில் பெங்களூரு குடிநீருக்குக் கூடுதலாக ஒதுக்கப்பட்டது 4.75 டிஎம்சி மட்டுமே.

கூடியும் குறைந்தும் வரும் பிழைகள் நாளடைவில் பெருமளவு சமன்படும். ஒரே திசையில் தொடரும் பிழை சமன்படாது. ஆகவே, அட்டவணையை அவ்வப்போது நேரடி அளவீட்டுடன் ஒப்பிட்டுத் திருத்துவது அவசியமாகிறது. ஒரு நாள் கணக்கைவிட, மாத மொத்தமே நம்பகமான அளவுகோலாகும்.