மடியில் கனம்

கௌபாய் படங்களில் தொடையோரம் தாழத் தொங்குமே, அந்தத் துப்பாக்கி உறையை வரலாறு என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன். அது பெரும்பாலும் ஹாலிவுட் வேலை. நடிகர்கள் சட்டென உருவுவதற்காக 1950களில் ஆர்வோ ஓஜலா உள்ளே தகடு வைத்துச் செய்துகொடுத்தது. நிஜமான வைல்ட் பில் ஹிக்காக் இடுப்புத் துணியில் இரண்டு கோல்ட் ரிவால்வர்களை, பிடி முன்பக்கம் பார்க்கச் செருகிக்கொண்டு நடந்தவர். நம் தாத்தாக்கள் சுருக்குப்பையை மடியில் செருகிய அதே பழக்கம்தான்.

ஆனால் அவர் ஊருக்கே தெரியும்படி செருகினார். மறைத்து வைப்பது அப்போது கௌரவக் குறைச்சல். கென்டக்கியும் லூசியானாவும் 1813லேயே அதைத் தடைசெய்தன. 1850ல் லூசியானா உச்ச நீதிமன்றம், வெளியே தெரிய வைத்திருப்பவன் ஆண்மையோடு தற்காத்துக்கொள்கிறான், ஒளித்து வைப்பவன் பதுங்கிக் கொல்லப் பார்க்கிறான் என்கிற தொனியில் தீர்ப்பெழுதியது. இன்றைக்கு அப்படியே தலைகீழ். தகுதியுள்ளவர் கேட்டால் மறைத்து வைக்கும் உரிமத்தைக் கொடுத்தாகவேண்டும் என்று 1987ல் புளோரிடா சட்டம் போட்டது. இப்போது பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த மாற்றத்தில் தோல் தைப்பவர்களுக்கும் பங்குண்டு. ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பைச் சிலுவாருக்குள் செருகி நாள் முழுக்க உட்கார்ந்து எழுவது லேசான காரியமா என்ன? 1970களில், கலிஃபோர்னியாவில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரியாக இருந்த புரூஸ் நெல்சன் ஓர் உறையை வடிவமைத்தார். ஐடஹோவில் மில்ட் ஸ்பார்க்ஸ் அதைச் செய்து விற்றார். பெயர் ‘சம்மர் ஸ்பெஷல்’. தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும், துணியைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம் வாய்ப்பகுதி. துப்பாக்கியை உருவியதும் பெல்ட் இறுக்கத்தில் சாதாரண உறையின் வாய் சப்பிப்போகும். திரும்பச் செருக இன்னொரு கை வேண்டும். குழாய்முனை அந்தக் கைக்கே நேராக வந்தாலும் வரும். நெல்சனின் உறைவாயில் உலோகப் பட்டை இருந்தது. காலியானாலும் திறந்தே நிற்கும்.

பிறகு கைடெக்ஸ் வந்தது. 1965ல், விமானங்களின் உட்புறத்துக்காக உருவான பிளாஸ்டிக். வேர்வையை உறிஞ்சாது, ஆனால் வளைந்தும் கொடுக்காது, இடுப்பெலும்பில் குத்தும். இன்று உறை வாங்குகிறவர்களின் பேச்செல்லாம் இதுதான்: விசையை முழுக்க மூடுதா, இரும்பு தோலில் படாம மறைப்பு இருக்கா, சிலுவாரை ஒரு சைஸ் பெருசா வாங்கணுமா, பின்னிடுப்பா, தொப்பைக்குக் கீழே முன்பக்கமா. முன்பக்கம் வைத்து உட்கார்ந்தால் குழாய்முனை எங்கே பார்க்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டாலே தூக்கு என்கிறது 1973ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் இங்கே இருந்து பார்க்க இதெல்லாம் வேறு கிரகத்துச் சங்கதி. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அங்கே பயம் போகத்தான் கனத்தைச் செருகுகிறார்கள். பிறகு, அந்தக் கனமே தெரியாமல் இருக்கக் காசு கொடுக்கிறார்கள்.

2023ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலும் கைப்பைகளில். பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு நிரப்பியவை. பிடிபட்டவர்கள் அதிகமாகச் சொல்லும் பதில், மறந்துட்டேன் என்பதுதான்.