இரவுக் கடலும் ஊவா மலையும்: சாவாளை ஏறிய வழி

இலங்கையில் 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாகப் பிரிக்கப்பெற்ற ஊவாவுக்குக் கடற்கரை கிடையாது. எனினும் பதுளை, பசறை, ஹாலிஎல, தெமோதரை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்து ஜீவிக்கும் மக்களின் ஆகாரத்தில் கடலுக்கு ஒரு நிலையான இடம் உண்டு. அது பெரும்பாலும் கருவாட்டு வடிவில் வந்த கடல். அக்கருவாடுகளுள், மடித்துக் கட்டிய வெள்ளி நாடா போன்ற சாவாளை எவ்வழியாக இம்மலைமீது ஏறிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சாவாளைக்குச் செதில் இல்லை. தொட்டால் விரலில் வெள்ளிப்பூச்சு ஒட்டும். முதுகுத் துடுப்பு தலையடியிலிருந்து நெடுக ஓட, வாலோ நூலாய் மெலிந்து முடியும். 1758இல் லின்னேயஸ் இதற்கு இட்ட பேரினப் பெயரின் பொருள் ‘மயிர்வால்’ என்பதாம். 1829இல் கூவியே பெயரிட்ட நெருங்கிய உறவினமோ ‘சவாலா’ என்றே விஞ்ஞான நூல்களில் வழங்கி, நம் கரையோரச் சொல்லின் ஒலியை உலகெங்கும் கொண்டு சென்றிருக்கிறது. முதிர்ந்த மீன்கள் பகலில் மேல்நீரில் இரைதேடி இரவில் அடித்தளத்துக்கு இறங்க, இளமீன்கள் அதற்கு மாறாகப் பகலெல்லாம் ஆழத்தில் கூட்டமாய் நின்று, இருட்டியபின் சிற்றுயிர்களைத் தொடர்ந்து மேலெழுகின்றன. இரவுப் படகின் தொழில் இவ்வியல்பின்மேல் நிற்பது. அமாவாசையை ஒட்டிய இருட்டில் விளக்கைக் கண்டு சிறுமீன் கூடும். சிறுமீனைத் தேடிச் சாவாளை வரும். அதன் பல் நரம்பை அறுத்துவிடுமாதலால் தூண்டில் முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி கட்டப்படும். கொரியாவின் ஜேஜுத் தீவைச் சுற்றிக் கோடை இரவுகளில் விளக்குப் படகுகள் வரிசையாய் நிற்பதும் இம்மீனின் பொருட்டே.

இனி, இவ்வாராய்ச்சியின் மையமாக நான் கருதும் ஒன்றைக் கூறுகிறேன். வாடை அடங்கிச் சித்திரை பிறந்தபின் இலங்கையின் கிழக்குக் கடல் அமைதி கொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கலக்கும் அம்மாதங்களில், மேற்குக்கரை மீனவர் பலர் கிழக்கே சென்று வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். அதே காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, ஊவாவின் சரிவுகளில் இறங்குகிறது; ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் வாசனையைக் கொடுப்பது அந்த உலர்ந்த காற்றுதான். மேலும் கீழிறங்கி மட்டக்களப்பை அடையும்போது அதன் பெயர் கச்சான். இரவில் பிடித்த சாவாளையை விடிந்ததும் வயிறு கீறி, உப்பிட்டு, பாயில் விரித்தால், அதன் மெல்லிய உடலை வெயிலும் கச்சானும் விரைவிலே உலர்த்திவிடும். மலையில் கொழுந்தையும் கரையில் மீனையும் பக்குவம் செய்வது ஒரே காற்று என்பது நம் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் கவனியாத விசேஷம் என்று தோன்றுகிறது.

வழியின் சரித்திரம் தோட்டங்களுக்கு முந்தியது. கண்டி இராச்சியம் கரையோரத்தைப் போர்த்துக்கேயரிடமும் பின்னர் ஒல்லாந்தரிடமும் இழந்து நின்ற காலத்தில், மலையிலிருந்து பாக்கு இறங்க, கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏறின. தவளம் என்னும் பொதிமாட்டுக் கூட்டங்கள் அம்பாந்தோட்டை உப்பை ஊவாவுக்குச் சுமந்தன. அவ்வியாபாரத்தில் முஸ்லிம் வணிகர் பெரும்பங்கு கொண்டனர்.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் இப்பழைய வாணிபத்தின் புதிய நுகர்வோராயினர். கோப்பி இலைநோய் 1869இல் முதன்முதலாகக் காணப்பட்ட மடுல்சீமை இம்மாகாணத்திலேயே உள்ளது. அந்நோய்க்குப் பின் தேயிலை பரவ, ஆண்டு முழுவதும் கைகள் தேவைப்பட, லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடும்பங்கள் நிலைத்தன. புகையிரதம் 1894இல் பண்டாரவளையை எட்டிற்று. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க நேர்ந்தது. அம்முப்பது ஆண்டுகளில் பதுளைக்குரிய சரக்கு கடைசிக் கட்டத்தை மாட்டுவண்டியிலேயே கடந்தது. அத்தகைய பிரயாணத்தைப் பச்சைமீன் தாங்காது, கருவாடு தாங்கும். அரிசி கூலியோடு கணக்கில் கழிய, மற்றவை கடனுக்கு வாங்கப்பட்டுச் சம்பள நாளில் தீர்க்கப்பட்ட வாழ்க்கையில், வாரக்கணக்கில் கெடாமல் இருப்பதும், சிறு துண்டு ஒன்றே ஒரு சட்டிச் சோற்றுக்குத் துணையாவதும் பெரும் அனுகூலங்கள். கடனோடு தொழிலாளியைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. கருவாட்டின் தேவை இவற்றால் குறையவில்லை. மலையக மக்களின் சுவையைப் பற்றிப் பேசுவோர் இவ்வறுமையை மறந்து பேசுவது எனக்கு உடன்பாடன்று.

பிற்கால மாறுதல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1952இல் திலாப்பியா இலங்கைக்குக் கொணரப்பட்டபின் குளத்துமீன் மலையடிவாரச் சந்தைகளுக்கு வந்தது; 1958 முதல் இயந்திரப் படகுகள் பரவின; நைலோன் வலை பருத்தி வலையின் இடத்தைப் பிடித்தது; 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. பனிக்கட்டிப் பெட்டியில் பச்சைமீனும் இன்று தோட்டத்துக்கு வருகிறது.

ஆயினும் பதுளைப் பசாரில் சாவாளை இன்றும் கிடைக்கும். வாங்கும் பெண் முதலில் அதை வளைத்துப் பார்ப்பாள். துவண்டால் ஈரம் என்று திருப்பி வைப்பாள். லயத்தில் அதை நான்கு விரற்கிடைத் துண்டுகளாக்கி, வெந்நீரில் அலசி, தணலில் சுட்டோ எண்ணெயில் பொரித்தோ எடுக்க, மிஞ்சியது அடுப்புக்கு மேல் கம்பியில் தொங்கும். ஆடி மாதத்தில் அந்த லயத்தின் தகரக் கூரையை இரவெல்லாம் தடதடவென்று அடித்துவிட்டுப் போகும் காற்று, பசறையையும் பிபிலையையும் தாண்டி, செங்கலடியைக் கடந்து, படகுகள் கரைசேரும் வாடியில் அன்றைய மீன் விரித்த பாய்களின்மேல் வீசும்.