புள்ளி கோடான கதை

1906-இல் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானிய உலோகவியலாளர் பெர்லினுக்கு அருகே அலுமினியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் உடனே இறுகிவிடும். அலுமினியத்தையும் அப்படி இறுக்க முடியுமா? சுமார் 4 சதவீதம் செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்து, காய்ச்சித் தோய்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை அளந்த துண்டைத் திங்கட்கிழமை மறுபடி அளந்தபோதுதான் அது நன்றாகக் கடினமாகியிருந்தது தெரிந்தது என்பார்கள். யாரும் எதுவும் செய்யவில்லை. சும்மா கிடந்தே இறுகியிருக்கிறது!

அந்தக் கலவை டூரலுமின் ஆயிற்று, செப்பலின் வான்கப்பல்களுக்குச் சட்டகமும் ஆயிற்று. ஏன் இறுகுகிறது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. செம்பு உள்ளே எங்கோ திரள்கிறது என்று 1919-இல் அமெரிக்காவில் ஊகித்தார்கள். நுண்ணோக்கியிலோ ஒன்றும் தெரியவில்லை.

பதில் 1938-இல் வந்தது, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து. பாரிஸில் ஆந்த்ரே கினியே, இங்கிலாந்தின் டெடிங்டனில் ஜி. டி. பிரஸ்டன். ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. இருவரும் இறுகிய உலோகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படமெடுத்தார்கள். அணுக்கள் பிசகாமல் அடுக்கப்பட்ட படிகமானால் படத்தில் கூர்மையான புள்ளிகள்தான் விழும். இவர்களுக்கோ புள்ளிகளோடு மங்கலான கோடுகளும் விழுந்தன. கலப்படமில்லாத ஒரே அலைநீளக் கதிரைத் தரும் கேமராவைக் கினியே தானே அமைத்திருந்தார். அந்தச் சுத்தம் இல்லையென்றால் இவ்வளவு மெல்லிய சிதறல் பின்னணியில் கரைந்துபோயிருக்கும்.

ஒரு பொருள் எந்தத் திசையில் மிக மெலிந்திருக்கிறதோ அந்தத் திசையில் அதன் சிதறல் நீளும். ஆகவே கோடு சொன்னது இதுதான்: செம்பு அணுக்கள் ஓரிரு அணுத் தடிமனே உள்ள தகடுகளாக ஒதுங்கியிருக்கின்றன. செம்பு அணு அலுமினிய அணுவைவிடச் சிறியது. தகட்டைச் சுற்றியுள்ள அடுக்குகள் அதனால் இழுபடுகின்றன. அணு வரிசைகள் வழுக்கி நகர்ந்தால்தான் உலோகம் வளையும். அந்த வழுக்கலைத் தகடுகள் மறிக்கின்றன. கினியே-பிரஸ்டன் மண்டலங்கள் என்பது இன்று அவற்றின் பெயர். அடுத்த ஆண்டே கினியே, நடுக்கதிரை ஒட்டிச் சிறு கோணத்தில் சிதறுவதிலிருந்து நுண்துகளின் அளவைக் கணக்கிடும் விதியையும் தந்தார். புரத ஆய்வுக்கூடங்களில் இன்றும் அது புழங்குகிறது.

பெருமை வில்முக்கே என்று விட்டுவிடவும் முடியவில்லை. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் எஞ்சின் கூடு 8 சதவீதம் செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. 1994-இல் வெளியான ஆய்வு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் பார்த்து, உள்ளே இதே மண்டலங்கள் இருப்பதைக் காட்டியது.